மரியாதை தெரிந்த இயந்திரம்

பேராசிரியர் மகாதேவனுக்கு அரசாங்கம் மூன்று முறை பதவி கொடுத்துக் கௌரவித்தது. ஒவ்வொரு பதவியும் அவரை அந்த ஏழு மரப்பெட்டிகளிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தது. மூன்று நியமன உத்தரவையும் டைப் அடித்தவன் நான்தான், ஆகையால் எனக்குத் தெரியும்.

என் பெயர் கோமதிநாயகம். இயந்திரக் கணக்கீட்டு ஒழுங்கு வாரியத்தில் ஸ்டெனோ. வீடு தாராவியில், வேலை செம்பூரில். கூட்டத்தில் பெரியவர்கள் பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் பிடித்து, மறுநாள் அதில் அர்த்தம் இருப்பதுபோல் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் எனக்குக் கோபம் வந்துகொண்டிருந்தது. அப்புறம் முதுகுவலிதான் வந்தது.

வாரியம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தச் சமயத்தில் கணக்குப் போடும் இயந்திரங்கள் ஒன்றிரண்டு நம் நாட்டில் வந்து இறங்க ஆரம்பித்திருந்தன. இப்படியே விட்டால் அவை வேலை செய்யத் தொடங்கிவிடும் என்று மேலே யாரோ பயந்தார்கள். அதைத் தடுக்க ஒரு வாரியம், அந்த வாரியத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கார், காருக்கு ஒரு டிரைவர். இப்படித்தான் எனக்கும் வேலை கிடைத்தது. நன்றிகெட்டவன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அறுபத்துமூன்றில், மழை தொடங்கிய வாரத்தில், எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த பொறியியல் கல்லூரிக்கு ஒரு லாரி வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று புது இயந்திரம் வாங்கிக்கொண்டு, பழையதை இலவசமாக அனுப்பியிருந்தது. எதிர்க் கல்லூரியில் பாடம் நடத்திய மகாதேவன், அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் அதே இயந்திரத்தில் வேலை பார்த்தவர். கெஞ்சிக் கடிதம் எழுதி வாங்கியவரும் அவர்தான். வாரியத்து ஆட்கள் போய் ஏழு பெட்டிகளின் மேலும் அரக்கு முத்திரை வைத்தார்கள். அனுமதி வரும்வரை திறக்கக் கூடாது. கல்லூரியில் வேறு இடம் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

அன்றைக்கு அவர் வகுப்பில் நடந்ததை நம்பிராஜன் எனக்குச் சொன்னான். அவன் எங்கள் சந்துக்காரன், அப்போது மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த அப்பா, இவனை எஞ்சினீயராக்கியே தீருவது என்று இருந்தார். நம்பிராஜன் எழுந்து, "சார், மெஷினை நாங்க தொட்டுப் பாக்கலாமா சார்?" என்று கேட்டிருக்கிறான்.

"தொடறதாவது! நீயே கணக்கு எழுதி உள்ளே குடுக்கப் போறே" என்றாராம் மகாதேவன். "அது ஒன் தப்பைக் கண்டுபிடிச்சு மூஞ்சியில விட்டெறியும். நான் அங்க போன மொதல் நாள் எனக்கு விட்டெறிஞ்சுது. இது புரொஃபசர் எழுதினதாச்சேன்னு அதுக்குத் தெரியாது. அது யார் மூஞ்சியையும் பாக்காது. அந்த அவமானத்தை நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது படணும். படாம ஒருத்தனையும் இந்தக் காலேஜை விட்டு அனுப்ப மாட்டேன். இது என் வாக்கு."

அவர் கொடுத்த வாக்கு இது ஒன்றுதான். மற்றவர்கள் எத்தனையோ கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இவருக்கு இந்த ஒன்று போதுமாக இருந்தது.

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று, வகுப்பையே இயந்திரமாக மாற்றிப் பாடம் நடத்தினார். பின்பெஞ்சுகள் ஞாபகம். அங்கே இருப்பவர்கள் ஆளுக்கொரு சிலேட்டில் ஓர் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, கேட்டால் காட்ட வேண்டும். நடுபெஞ்சுகள் பெருக்கல், முன்பெஞ்சு கூட்டல் கழித்தல். ஜன்னலோரம் ஒருவன் நிற்பான். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அவன் உட்கார்ந்துவிடுவான். அவன் உட்கார்ந்தால் எல்லோரும் மறுபடி மேலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நம்பிராஜன் பதினேழாம் ஞாபகம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஞாபகம் முழுவதும் தூங்கிவிடும், சார் சாக்பீஸால் அடித்து எழுப்புவார் என்று சிரித்துக்கொண்டே சொல்வான். பையன்கள் இதில் கற்றுக்கொண்ட அளவு வேறெதிலும் கற்றுக்கொள்ளவில்லை என்பதும் நிஜம்.

இனி வாரியத்துக்கு வருகிறேன். எங்கள் விண்ணப்பப் படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: 'இந்த இயந்திரத்தால் எத்தனை பேருடைய உழைப்பு மிச்சமாகும்?' விவரம் தெரிந்தவர்கள் 'எவருடையதும் இல்லை' என்று எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போவார்கள். மகாதேவன் யோக்கியர். 'நாற்பது பேர் ஒரு மாதம் உட்கார்ந்து போடும் கணக்கை ஒரு மணி நேரத்தில் போடும்' என்று எழுதியிருந்தார்.

வாரியத் தலைவர் கார்க்கானிஸ் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். நான் தமிழில் சொல்கிறேன்.

"பேராசிரியரே, நாற்பது குடும்பங்களின் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்."

"அப்படி நாற்பது பேர் இப்போது கிடையாது. அந்தக் கணக்குகளை யாருமே போடுவதில்லை. போட முடியாததால்தான் இயந்திரம் வேண்டும் என்கிறேன்" என்றார் மகாதேவன்.

தொழிலாளர் நல உறுப்பினர் உணர்ச்சிவசப்பட்டார். "அது இன்னும் மோசம்! வேலையில் இருப்பவனுக்கு வேலை போனால் கொடி பிடிப்பான். இன்னும் வேலைக்கே சேராதவன் வேலை போனால் யாரிடம் போய் முறையிடுவான்? அவனுக்காகக் கண்ணீர் விட இந்த வாரியத்தைத் தவிர வேறு நாதி இல்லை."

யாரும் கண்ணீர் விடவில்லை. பிஸ்கட் வந்தது.

அதற்கு முந்தைய விண்ணப்பம் ஒரு தனியார் கம்பெனியுடையது. அவர்களுடைய இயந்திரம் வந்த நாளிலிருந்து ரிப்பேர். வாரியம் மகிழ்ந்து, ஆயுள் முழுவதற்கும் அனுமதி கொடுத்தது. மகாதேவனுடையதை ஒத்திவைத்தார்கள். ஆனால் அவருடைய விஷய ஞானத்தைப் பாராட்டி, அவரையே வாரியத்தின் உறுப்பினராக்கினார்கள். முதல் பதவி.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கோமதிநாயகம், இனிமே கவலை இல்லை. உள்ளேயே வந்துட்டேனோல்லியோ, பெட்டியைத் திறந்துடலாம்."

அடுத்த கூட்டத்தில் பெட்டி விஷயம் வந்தபோது கார்க்கானிஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எந்த உறுப்பினருக்கு ஒரு விஷயத்தில் சம்பந்தம் இருக்கிறதோ, அவர் அந்த விவாதத்தின்போது அறைக்குள் இருக்கக் கூடாது. மகாதேவன் எழுந்து வராந்தாவுக்குப் போய், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து பெஞ்சியில் உட்கார்ந்தார். உள்ளே இயந்திரத்தைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லாததால், போதிய விளக்கம் இல்லை என்று ஒத்திவைத்தார்கள். திரும்ப உள்ளே கூப்பிட்டு, 'இதை யாராவது நிபுணர் விளக்கினால் நன்றாக இருக்கும்' என்று அவரிடமே வருத்தப்பட்டார்கள். இப்படி ஒரு வருஷம் ஓடியது. அந்த பெஞ்சி அவருக்குப் பழகிவிட்டது.

கடைசியில், பெட்டிகளை நேரில் பார்த்து வருவது என்று முடிவாயிற்று. அறுபத்துநான்கு ஜூலை. சாலையைக் கடந்தால் கல்லூரி. ஆனாலும் மூன்று காரில் போனோம். சைக்கிள் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர். தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து, கீழ்ப்பெட்டிகள் இரண்டும் ஊறி நின்றன. மகாதேவன் அதைப் பார்த்தபடி நின்றார். குடையைப் பிடிக்கவும் மறந்துவிட்டார். கார்க்கானிஸின் கால்சட்டை நனைந்துவிட்டதால், காயும்வரை உட்கார பக்கத்து வகுப்பறைக்கு அழைத்துப் போனார்கள். அது மகாதேவனுடைய வகுப்பு.

உள்ளே பையன்கள் எழுந்து உட்கார்ந்து, சிலேட்டைக் காட்டி, சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். "இது என்ன?" என்றார் கார்க்கானிஸ். மகாதேவன் விளக்கினார். தலைவருக்கு ஆசை வந்துவிட்டது. தானும் ஒரு கணக்குக் கொடுக்கிறேன் என்றார்: இன்னும் இருபது வருஷத்தில் நம் நாட்டுக்கு எத்தனை கணக்கீட்டு இயந்திரங்கள் தேவைப்படும்?

போன வாரம்தான் அவர் பத்திரிகைக்காரர்களிடம் மூன்று போதும் என்று சொல்லியிருந்தார். அது பையன்களுக்குத் தெரியாது. மகாதேவன் கரும்பலகையில் வரிவரியாக எழுதிப் போட, அவர்கள் மத்தியானம்வரை போட்டுவிட்டு, "மூவாயிரம், சார்" என்றார்கள்.

கார்க்கானிஸின் முகம் சுருங்கியது. "நான் மூன்று என்றல்லவா நினைத்திருந்தேன்" என்றார் மெதுவாக.

முன்பெஞ்சு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கதவருகே நின்ற பிரின்சிபால் முன்பெஞ்சையே பார்த்தார். கூட்டல்காரன் சிலேட்டைச் சட்டைக் கையால் துடைத்து மறுபடி எழுதினான். "மூணுதான் சார். சைபர் தப்பா விழுந்துட்டு."

"டேய்! மூவாயிரம்னா மூவாயிரம்தாண்டா!" என்று கத்தினார் மகாதேவன். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. கார்க்கானிஸ் எழுந்து நின்றுவிட்டார், நனைந்த கால்சட்டையோடு. அவர் பேச்சு முழுவதும் என் குறிப்பில் இருக்கிறது.

"நண்பர்களே, வெளிநாட்டு இயந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு விடையைச் சொல்லிவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். எதிரே இருப்பவர் அமைச்சரா, செயலாளரா என்ற யோசனையே கிடையாது. இதோ, நம் மண்ணில் விளைந்த இயந்திரம்! மேலிடத்தின் முகக்குறிப்பை உணர்கிறது. உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. இது மரியாதை தெரிந்த இயந்திரம். இதற்குக் குளிர்சாதன அறை வேண்டாம், அந்நியச் செலாவணி வேண்டாம். பழுது பார்க்க வெளிநாட்டான் வர வேண்டாம், சளி பிடித்தால் கஷாயம் கொடுத்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது யாருடைய உழைப்பையும் மிச்சப்படுத்தவில்லை. நாற்பது பேரின் உழைப்பு முழுசாகச் செலவாகிறது, ஒரு துளி மிச்சமில்லை!"

எல்லோரும் கை தட்டினார்கள். பெட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. திரும்பி வரும்போது மகாதேவன் என்னிடம், "அது பாடத்துக்காக விளையாட்டாப் பண்ணினதுய்யா" என்றார். குறிப்பில் அதைச் சேர்க்க வழியில்லை, கூட்டம் முடிந்துவிட்டிருந்தது.

அடுத்த வருஷமே செம்பூரில் ஒரு பழைய கோடவுனை வாடகைக்கு எடுத்து, தேசிய பெஞ்சுக் கணக்கீட்டு நிலையம் தொடங்கினார்கள். கல்லூரியை முடித்த அந்த வகுப்பு அப்படியே உள்ளே போயிற்று. நம்பிராஜன் பேடா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். "அண்ணாச்சி, சர்க்கார் வேல. பெர்மனென்ட். அதே பதினேழாம் ஞாபகந்தான், ஆனா பென்ஷன் உண்டு."

"ஏல, மெஷினைத் தொடணும்னு கெடந்தியே?"

"அது தொடலாம் அண்ணாச்சி. பெட்டி எங்க போவப் போவுது? அய்யா காலு வீங்கிக் கெடக்காரு, இனிம தோல் ஷெட்டுக்கு அனுப்ப முடியாது பாத்துக்கிடுங்க."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேடாவைத் தின்றேன்.

நிலையத்துக்கு விதிகள் வந்தன. ஞாபகத்தில் சேருபவர் இலாகாத் தேர்வு எழுதினால் பெருக்கலுக்கு உயரலாம். கூட்டல் என்பது அதிகாரி அந்தஸ்து. ஒன்பதாம் ஞாபகம் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டபோது, அவர் இடத்துக்கு வந்தவருக்கு என்ன எண் என்று தெரியவில்லை. கணக்கு முழுவதையும் மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். இனிமேல் லீவில் போகிறவர் தம் எண்ணை உறையிலிட்டு, முத்திரை வைத்து, மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டோம். மேற்பார்வையாளர் லீவில் போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு துணைக்குழு அமைத்தோம். விடைகள் மட்டும் எப்போதும் சரியாக இருந்தன. கணக்குக் கொடுக்கும்போதே எந்த விடை விரும்பப்படுகிறது என்று ஒரு வரி எழுதிவிடும் வழக்கம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபைலில் கையெழுத்து வாங்க மாட்டுங்காவில் மகாதேவன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ருக்கு மாமி காபி கொடுத்தாள்.

"கேட்டேளா கோமதிநாயகம், மேல் ஃபிளாட் பொண்ணுக்கு வரன் வந்திருக்கு. பையன் ஞாபகத்துல இருக்கானாம். சீக்கிரமே பெருக்கலுக்குப் போயிடுவான்னு சொல்றா. கூட்டல்ல இருக்கிற பையன்னா கிட்டவே நெருங்க முடியலையாம், அவ்வளவு கேக்கறாளாம்."

மகாதேவன் சிரிக்கவில்லை. "என்னை மெம்பர் செக்ரடரியா வரச் சொல்றான் கார்க்கானிஸ்" என்றார். "முழுநேர வேலை. காலேஜை விட்டுடணும்."

"போகாதேங்கோன்னு நானும் சொல்லிண்டிருக்கேன்" என்றாள் மாமி. "இவருக்குப் பாடம் சொல்லிக் குடுக்கத்தான் தெரியும். மத்ததெல்லாம் இவருக்கு ஒடம்புக்கு ஆகாது. போன வருஷத்துலேர்ந்து சரியாத் தூங்கறதே இல்லை."

"செக்ரடரிதானே ருக்கு அஜெண்டா தயார் பண்றவன்? பெட்டியை மொதல் அயிட்டமாப் போட்டுடுவேன். திறந்த அன்னிக்கே ராஜினாமாவை எழுதிக் குடுத்துட்டு வகுப்புக்குப் போயிடறேன்."

இரண்டாம் பதவி. கல்லூரியில் கடைசி வகுப்பை முடித்துவிட்டு வந்த அன்று அவர் கோட்டில் சாக்பீஸ் தூள் இருந்தது. அஜெண்டா தயாரித்தார். செயலாளர் தமக்குச் சம்பந்தமுள்ள விஷயத்தை அஜெண்டாவில் சேர்க்கக் கூடாது என்று கார்க்கானிஸ் விதிப் புத்தகத்தைக் காட்டினார். ஆக, அறையைவிட்டு வெளியே போகும் தொந்தரவுகூட மகாதேவனுக்கு இல்லாமல் போயிற்று.

கார்க்கானிஸ் ஓய்வு பெற்றபோது மகாதேவன் தலைவரானார். மூன்றாம் பதவி. ஓய்வு பெற்றவர் மறுநாளே கௌரவ ஆலோசகராகத் திரும்பி வந்தார். பழைய நாற்காலி முதுகுக்குப் பழகிவிட்டது என்று அதிலேயே உட்கார்ந்துகொண்டார். மகாதேவன் பக்கத்து நாற்காலியிலிருந்து தலைமை வகித்தார். பெட்டி விஷயத்தில் தலைவருக்குச் சம்பந்தம் இருப்பதால் அவர் வெளியே போக வேண்டும். தலைவர் வெளியே போனால் கூட்டம் செல்லாது. கூட்டம் செல்லாதபோது தீர்மானம் போட முடியாது. இதை அவருக்கு நானே விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார். தர்க்கத்தில் தப்பு இருந்தால் கண்டுபிடிக்கத் தெரிந்தவர். இதில் தப்பு இல்லாததுதான் அவரை உடைத்தது. அதற்குப் பிறகு மத்தியானங்களில் ஜன்னல் வழியாகச் சைக்கிள் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருப்பார். டிராம்பே பக்கத்திலிருந்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் நெடி வரும். எழுந்து ஜன்னலை மூட மாட்டார்.

அறுபத்தொன்பதில் பெட்டி விஷயத்தைக் கார்க்கானிஸே எடுத்தார். தலைவர் வெளியே போகும்போது ஆலோசகர் தற்காலிகத் தலைவராக இருக்கலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மகாதேவனால் நம்பவே முடியவில்லை. எழுந்து போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணாலேயே, கவனமாக எழுதிக்கொள் என்றார்.

உள்ளே நிதி உறுப்பினர் பேசினார். பெஞ்சு நிலையத்தை இரு மடங்காக்கப் போகிறோம். புது ஞாபகங்களுக்கு உட்கார பெஞ்சு இல்லை. மரம் வாங்க ஒதுக்கீடு இல்லை. "ஆனால் எதிரே சைக்கிள் ஸ்டாண்டில் முதல்தரமான வெளிநாட்டு மரம் ஏழு பெட்டி அளவுக்குச் சும்மா கிடக்கிறது. பெட்டிகளைத் திறக்க உடனே அனுமதி கொடுக்கலாம்."

"உள்ளே இருப்பது?" என்று தொழிலாளர் நல உறுப்பினர் கேட்டார்.

"உள்ளே இருப்பது விதிப்படி பழைய இரும்பு."

ஏகமனதாக நிறைவேறியது. பலமாகக் கை தட்டினார்கள். ஆறு வருஷத்து ஃபைல் ஒன்று முடிந்த சந்தோஷம்.

மகாதேவனைக் கூப்பிட வராந்தாவுக்குப் போனேன். கைதட்டல் அவருக்குக் கேட்டிருக்கிறது. பெஞ்சியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"பெட்டியத் திறக்கதுக்கு அனுமதி ஆயிட்டு சார்."

அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியைத் தேடுவதுபோல் தடவிவிட்டு, கால்சட்டை போட்டிருப்பது நினைவுக்கு வந்து, கையாலேயே துடைத்தார். "நம்பிராஜனுக்கு மொதல்ல சொல்லணும். அவன்தானே கேட்டான். பழசாயிருக்கும், கொஞ்சம் துரு ஏறியிருக்கும். துடைச்சு எண்ணெய் போட்டா சரியாயிடும். ஒரு மாசம் குடு எனக்கு, ஒரே ஒரு மாசம்..."

மீதியையும் நான்தான் சொல்ல வேண்டும். "சார், அவங்களுக்குப் பெட்டி மட்டுந்தான் வேணுமாம். பெஞ்சு செய்யதுக்கு."

திரும்ப உட்கார்ந்தார். பக்கத்தில் பானையின் மூடி கோணலாக இருந்தது. அதை நேராக வைத்தார். பிறகு உள்ளே வந்து, "இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

"சம்பந்தப்பட்டவர் ஓட்டுப் போடத்தான் கூடாது, பேராசிரியரே. கையெழுத்துப் போடலாம். தலைவர் என்ற முறையில் போட்டே ஆக வேண்டும்" என்றார் கார்க்கானிஸ், கோபமே இல்லாமல். நான் பேனாவை நீட்டினேன். அடுத்த விஷயம் சாக்பீஸ் கொள்முதல்.

ஆறு வருஷம் அசையாத வாரியம் அந்த வாரமே தச்சர்களை அனுப்பியது. உள்ளே இருந்ததை ஏலத்தில் எடுத்தவர் அப்துல் வாஹித். எங்கள் சந்து முனையில் பழைய இரும்பு ஷெட் வைத்திருப்பவர். விஷயத்தை மகாதேவனிடம் சொன்னேன். "நம்பிராஜனை அழைச்சுண்டு வரேன்" என்றார்.

ஆபீஸ் முடிந்து மூவரும் பஸ் பிடித்து சயனில் இறங்கி நடந்தோம். நம்பிராஜன் இப்போது பெருக்கலில் இருந்தான்; கொஞ்சம் தொந்தி விழுந்திருந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஷெட்டின் வாசலில் இயந்திரத்தின் வயர்களை உரித்துச் செம்பு தனியாக, ரப்பர் தனியாகக் குவித்திருந்தார்கள். ஆளுயர இரும்பு அலமாரிகள் மட்டும் வரிசையாக நின்றன. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுத் தட்டுகள் வைத்து, பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார் வாஹித். ஒன்றின் நெற்றியில் மட்டும் சின்னச் சின்ன பல்புகள் பதித்த பட்டை அப்படியே இருந்தது.

"துணி வைக்கலாம், பாத்திரம் வைக்கலாம். ஏக்தம் மஜ்பூத், ரொம்பக் கெட்டியான சாமான் சாப்" என்று வாஹித் எங்களை வரவேற்றார். "இந்த லைட்டு ஷோவுக்கு இருக்கட்டும்னு விட்டிருக்கேன். கல்யாணச் சீருக்குக் கேக்குதாக."

மகாதேவன் அதன் முன்னால் போய் நின்றார். "இதுதாண்டா" என்றார். "வா. தொடு."

நம்பிராஜன் கையை நீட்டினான்.

"அரே, ஹாத் மத் லகாவோ! பெயிண்ட் ஈரம், கை வச்சிராதீக!" என்று வாஹித் கத்தினார்.

நம்பிராஜன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். நிலையத்தில் இத்தனை வருஷம் வாங்கிய பழக்கம்.

"பரவாயில்லை, தொடுடா. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"இருக்கட்டும் சார். பெயிண்ட் ஈரமா இருக்காம்லா." பிறகு அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், நல்ல பையன். "இதுல இனிம என்ன சார் இருக்கு? இப்ப மெஷினு நாங்கதான சார்."

மகாதேவன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருத்துவதற்குக் கொண்டுவந்த பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மார்க் ஒன்றும் போடவில்லை. திரும்பி, தன் வலது உள்ளங்கையை அந்த அலமாரிமேல் முழுசாகப் பதித்து வைத்தார். வாஹித் திட்ட வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "போவட்டும், மறுபடி ஒரு கோட்டு அடிச்சுக்கிடுதேன்" என்று உள்ளே போய்விட்டார். குவித்திருந்த செம்பைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

மறுநாள் காலை வாரியக் கூட்டம். மகாதேவனின் உள்ளங்கையை ருக்கு மாமி மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டிருக்கிறாள். ஆனாலும் ரேகைகளில் இருந்த பச்சை போகவில்லை. ஆண்டறிக்கையை ஏற்கும் தீர்மானம் வந்தது. கார்க்கானிஸ் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: "இவ்வாண்டும் வாரியத்தின் இடைவிடாத விழிப்பினால், நாட்டில் எந்த இயந்திரமும் எவருடைய உழைப்பையும் மிச்சப்படுத்தவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. மகாதேவனுடைய கையும் உயர்ந்தது. பச்சையாக இருந்தது.

"என்ன பேராசிரியரே, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறீர்களா?" என்று கேட்டார் நிதி உறுப்பினர்.

"இல்லை. இயந்திரத்தைத் தொட்டேன்."

உறுப்பினர்கள் எல்லோரும் கார்க்கானிஸின் முகத்தைப் பார்த்தார்கள். கார்க்கானிஸ் மெதுவாகச் சிரித்தார். உடனே எல்லோரும் சிரித்தார்கள். மகாதேவன் சிரிக்கவில்லை, கையை இறக்கவும் இல்லை.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதினேன். கூட்டத்தில் நடப்பது எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பது விதி. ஆகவே அதன் கீழே, அடைப்புக்குறிக்குள், 'சிரிப்பு' என்று போட்டேன்.